பங்கு வைத்த பங்காளி

நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டி ஆடும் எங்கள் தெருக் கபடி லீக்கில், அணிகளை இரண்டு பிரிவாகப் பிரிப்பது ஒரு பேசும் இயந்திரம். அதற்கும் சொந்த அணி உண்டு என்பதால் பங்காளி என்று கூப்பிடுவோம். நான் எந்தப் பங்காளியையும் நம்புகிறவன் இல்லை.

இந்த வருடம் பிளேஆஃப் என்கிற இறுதிச் சுற்றுக்கு ஓர் இடம்தான் மீதி. எனக்கும் பங்காளிக்கும் ஒரே புள்ளி. வெளியே போகிறவர் அணியைக் கலைக்க வேண்டும்.

"உங்க பிரிவுல எதிரணியெல்லாம் கொஞ்சம் பலமாயிட்டு அண்ணாச்சி. பிரிச்சவன் நான்தான். பிளேஆஃபுக்கு நீங்களே போங்க" என்றது.

"இதுல என்னல உள்குத்து?"

"பங்கு வைக்கிறவன் கடைசியிலதான எடுக்கணும்? இந்தத் தடவை மிஞ்சல, அவ்வளவுதான்."

உடனே தன் அணியைக் கலைத்துவிட்டது.

"அணி இல்லாட்டியும் அடுத்த வருசம் நீதாம்ல பிரிக்கணும்" என்றேன். நான் ஒரு பங்காளியைக் கெஞ்சியது அதுதான் முதல் தடவை.