அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா

மொக்கைச்சாமி தோளில் கிடந்த துண்டை முறுக்கி, பரணியின் முதுகில் ஓங்கி ஒன்று போட்டார். "ஏலே, இதுக்கா ஒன்னயக் காலேஜுக்கு அனுப்புனது? வாத்தியாரை எதுத்து எழுதவா?"

பரணி வளைந்து நெளிந்தான். அடி நிஜமாகவே விழுந்திருந்தது. அடுத்த அடிக்குத் துண்டு உயர்ந்தபோது தமிழ்ப் பேராசிரியர் ஞானதாஸ் நாற்காலியை விட்டு எழுந்து வந்து தடுத்தார்.

"போதும், போதும். அடிக்கிறதுன்னா வெளிய வச்சு அடிங்க. இது காலேஜு."

"நீங்க சொல்றதால விடுறேன் சார்." மொக்கைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

விஷயம் ஒரு கட்டுரை. 'கல்லூரி வாழ்க்கையும் நானும்' என்று எழுதி வரச் சொல்லியிருந்தார் ஞானதாஸ். மற்ற பையன்கள் கல்லூரியைக் கோயில் என்றும் ஆசிரியரை ஏணி என்றும் எழுதினார்கள். பிழைக்கத் தெரிந்தவர்கள். பரணி மனதில் பட்டதை எழுதிவிட்டான்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் எண்பத்து மூன்று ஏப்ரல் பரீட்சைக்கு ஹால் டிக்கெட்டில் கையெழுத்து என்று சொல்லிவிட்டார் ஞானதாஸ். அதற்கும் இன்றுதான் கடைசி நாள். கையெழுத்து இல்லையென்றால் ஒரு வருஷம் போச்சு. இன்னொரு வருஷம் படிக்கவைக்கப் பரணி வீட்டில் யாரும் தயாராக இல்லை. நாகல் நகர் நூல் கடையில் பொட்டலம் கட்ட வேண்டியதுதான்.

"என்ன எழுதியிருக்கான்னு நீங்களே கேளுங்க." ஞானதாஸ் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

'எங்கள் கல்லூரியில் வகுப்பில் கற்றுக்கொள்வதைவிடப் புளியமரத்தடியில் கற்றுக்கொள்வது அதிகம். தமிழ் வகுப்பில் ஐயா ஒரு பழைய நோட்டைப் பார்த்து வாசிப்பார். நாங்கள் எழுதுவோம். போன வருஷத்து அண்ணன் ஒருவர் தன் நோட்டை எனக்குக் கொடுத்தார். அதிலும் இதே வரிகள்தான். ஐயா நகைச்சுவை சொல்லும் இடத்தில் மட்டும், இங்கே சிரிக்க வேண்டும் என்று அந்த அண்ணன் பென்சிலால் குறித்திருக்கிறார். அது எங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கிறது.'

வாசலில் நின்ற பியூன் சூசைமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அது என்ன சோக்கு சார்?" என்றார் மொக்கைச்சாமி.

ஞானதாஸ் கட்டுரையை மேஜைமேல் வைத்தார்.

சூசைமுத்து உள்ளே வந்து அவர் காதருகே குனிந்தார். "சார், நல்லா விசாரிச்சுக்கங்க. ஆளைப் பாத்தா ஒரு மாதிரியா இருக்கு."

அவர் சந்தேகத்தில் தப்பில்லை. அப்பாவைக் கூட்டிவரச் சொன்னால் டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளைப் பிடித்துக்கொண்டு வருவது அந்தக் கல்லூரியில் பழகிப்போன வேலை. ஒரு டீயும் ரெண்டு பரோட்டாவும் வாங்கிக் கொடுத்தால் அப்பா தயார்.

ஞானதாஸ் கண்ணாடியைக் கழற்றினார். "ஒங்க மகன் என்ன படிக்கிறான்?"

"காலேஜு சார்."

"காலேஜு சரி. பி.ஏ.வா, பி.காமா?"

மொக்கைச்சாமி பரணியைப் பார்த்தார். பரணி தரையைப் பார்த்தான்.

"ரெண்டையும் படிக்கத்தான சார் அனுப்புனது?"

"எத்தனாவது வருசம்?"

"அது ஓடிக்கிட்டு இருக்கு சார்."

"வீட்ல ஒக்காந்து படிக்கிறானா?"

"வீட்லயா? எங்க வீட்ல நா இவனக் கண்ணால பாத்ததே இல்ல சார்."

பரணியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பாத்தீங்களா என்கிற மாதிரி சூசைமுத்து புருவத்தைத் தூக்கினார்.

ஞானதாஸ் சிரித்துவிட்டார்.

"சூசை, போன மாசம் ஒருத்தன் வந்தானே, நெனப்பு இருக்கா? மகன் ரோல் நம்பரு, அட்டெண்டன்சு, நா நடத்துற பாடம் எல்லாத்தையும் மூச்சு விடாம ஒப்பிச்சான். கடைசியில பாத்தா பஸ் ஸ்டாண்டுல சர்பத் விக்கிறவன். வாடகை அப்பன்னா சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வருவானுங்க. பெத்த அப்பனுக்குத்தான்யா ஒண்ணுந் தெரியாது."

சூசைமுத்து வாசலுக்கே திரும்பிப் போனார்.

"எங்கப்பா நத்தத்துல மாந்தோப்புக் காவலு. மகன் என்ன படிக்கான்னு யாரு கேட்டாலும், திண்டுக்கல்லுல படிக்கான்னுதான் சொல்வாரு. சாகுற வரைக்கும் அம்புட்டுத்தான் அவருக்குத் தெரியும்" என்றார் ஞானதாஸ்.

பிறகு பேனாவைத் திறந்து ஹால் டிக்கெட்டில் கையெழுத்துப் போட்டார். கட்டுரையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மடித்து மேஜைக்குள் போட்டுப் பூட்டினார்.

பரணி அவர் காலில் விழப்போனான்.

"எங் கால்ல எதுக்குடா விழுற? ஒங்கப்பா கால்ல விழு. வெயில்ல இம்புட்டுத் தூரம் ஒனக்காக வந்திருக்காரு."

பரணி மொக்கைச்சாமியின் காலில் விழுந்தான். "நல்லா இருப்பா" என்று அவரும் தலையில் கை வைத்தார். ஞானதாஸ் கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது. கண்ணாடி போடுவதற்காகவும் இருக்கலாம்.

இருவரும் புளியமரத்தைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே வந்தார்கள். ரோட்டில் கால் வைத்ததும் மொக்கைச்சாமி நின்றார். பின்னால் ஆள் இல்லை என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஆமா, ஒம் பேரு என்ன தம்பி?"