பத்திரிகை நுழையும் இடைவெளி

“இதுல பாத்தா மலைமேல நிக்கற ஆளு மூஞ்சி தெரியுமா?” என்று கேட்டார் சின்னசாமி.

மொட்டை மாடியில் பாய் விரித்து, கைப்பிடிச் சுவரில் மணல் மூட்டை வைத்து, அதன்மேல் துப்பாக்கியைச் சாய்த்திருந்தார். குழலின் முனை திருத்தணி மலைக்கோயிலைப் பார்த்தபடி இருந்தது. படிக்கட்டு முடிகிற இடத்தில் இருக்கிற திறந்த மண்டபம் அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

மெக்கானிக் சைமன் மலையைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார். கரும்புக் கொல்லையில் பன்றி விரட்டுகிற லைசென்ஸ் துப்பாக்கி, அதற்குத் தூரத்தைக் கிட்டத்தில் காட்டுகிற ஸ்கோப் மாட்ட வேண்டும் என்றுதான் விடிந்ததும் வரச்சொல்லியிருந்தார் மனுஷன். மலைமேல் ஏது பன்றி?

பன்றி இல்லை. சின்னசாமியின் மகள் சுதா இருந்தாள். இன்னும் அரை மணி நேரத்தில் அந்த மண்டபத்தில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை எழிலன் அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்க்கிறவன். காதல்.

“அந்தக் கல்யாணத்துல என் காலு படாது, அவ்ளோதான்” என்று நடுத்தெருவில் நின்று சத்தியம் செய்தவர் சின்னசாமி. இரண்டு மாதமாகத் தெருவுக்கே அதுதான் பேச்சு.

ஓடிப்போய்ப் போலீசில் சொல்லிவிடலாமா என்று பார்த்தார் சைமன். மாடிப்படியை மறித்துக்கொண்டு சின்னசாமி உட்கார்ந்திருந்தார். சுதா, சைமனை ‘மாமா’ என்று வாய் நிறையக் கூப்பிடுகிற பெண். சரி, கூடவே இருந்து காரியத்தைக் கெடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

பையில் ஸ்கோப்பைக் குழலோடு பிடித்துவைக்கிற ரிங் இரண்டு ஜோடி இருந்தது. குட்டை ரிங்கை எடுத்து ஸ்கோப்பை மாட்டினார். ஸ்கோப்பின் அகன்ற வாய் குழலின்மேல் பச்சக்கென்று ஒட்டி உட்கார்ந்தது. இப்படி ஒட்டிக்கொண்டால் சுடும்போது அதிரும், குறி எங்கேயோ போகும்.

“முடிஞ்சிதுண்ணா.”

“இரு.”

சின்னசாமி சட்டைப் பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். மூலையில் மஞ்சள் தடவிய அட்டை, பலமுறை எடுத்துப் பார்த்து ஓரமெல்லாம் நைந்திருந்தது. அதை ஸ்கோப்புக்கும் குழலுக்கும் நடுவில் நுழைத்தார். போகவில்லை.

“இன்னா சைமனு, ஒட்டிகினு கீது? ஒரு அட்டை போற கேப்பாவது இருக்கணும்னு மொபைல் வீடியோல ஒருத்தன் காட்டனான். கழட்டி மாட்டு.”

உயரமான ரிங்கைப் போடும்போது ஸ்க்ரூ இரண்டு தடவை கீழே விழுந்தது. சைமன் மனசுக்குள் ஏசுவைக் கூப்பிட்டார். அவசரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறாரே என்று மலைமேல் இருக்கிற முருகனையும் சேர்த்துக் கூப்பிட்டார்.

இந்தத் தடவை பத்திரிகை வழுக்கிக்கொண்டு போய் வந்தது. சின்னசாமி அதைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு, குப்புறப் படுத்து ஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மணியம்மை துப்பாக்கியைப் பார்த்தாள். பக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். சின்னசாமி ஓரக்கண்ணால் அதைக் கவனித்து மீசையைத் தடவிக்கொண்டார்.

மலையிலிருந்து நாதஸ்வரம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கெட்டிமேளம்.

“வாணாம்ணா!” என்று பாய்ந்து, இரண்டு கையாலும் ஸ்கோப்பின் வாயைப் பொத்தினார் சைமன். “என்னைச் சுடுங்க. அந்தப் பசங்களை வுட்டுடுங்க.”

“கையை எட்றா பாவி. மாப்ளை தாலி கட்றாரு, மறைச்சிகினு கீற.”

சைமன் கையை எடுத்தார். மூன்று முடிச்சும் விழுகிறவரை சின்னசாமி அசையவில்லை. ஸ்கோப் கண்ணீரில் நனைந்து மங்க, துண்டால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு மடியிலிருந்து ஒரு பிடி அட்சதையை எடுத்து மலையைப் பார்த்து வீசினார். அது மணியம்மை வீட்டு ஈரத் துணிகள்மேல் விழுந்தது.

சைமன் துப்பாக்கியைத் திறந்து பார்த்தார். உள்ளே குண்டே இல்லை.

“பாக்கணும்னா ஒரு பைனாகுலர் வாங்கிக்கலாமேண்ணா. இன்னாத்துக்கு இத்தைப் போயி துப்பாக்கியில மாட்டிகினு?”

சின்னசாமி எதிர் மாடியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கண்ணாடி நான் பாக்கறதுக்கு சைமனு. துப்பாக்கி தெரு பாக்கறதுக்கு.”