பார்க்கிங் பிரச்னையே இல்லாத தெரு

வானம் இடித்தது. மலேசியாவின் கிள்ளானில் வீடு வாங்கப் பார்க்க வந்த புனிதா, வாசலில் காத்திருந்தாள். ஏஜென்ட் முகுந்தன் வியர்க்க வியர்க்க நடந்தே வந்து சேர்ந்தான்.

"நீங்க இருக்கிற பிரிக்பீல்ட்ஸ்ல பார்க்கிங்குக்கு தினமும் சண்டைன்னீங்களே அக்கா, இங்க பாருங்க! தெருவே காலி லா!"

உண்மைதான். தெருவில் அவள் கார் மட்டும்தான் நின்றது. வீட்டைச் சுற்றிப் பார்த்ததும், மொத்தச் சேமிப்பையும் போட்டு இதையே முடித்துவிடலாம் என்று முன்பணக் காசோலை எழுதப் புனிதா பேனாவைத் திறந்தாள். தூறல் விழுந்தது.

பக்கத்து வீட்டு கேத்தரின் ஆன்டி வேலியோரம் ஓடிவந்தார்.

"யம்மா, காரை எடும்மா! முன்ன மாதிரி இல்ல, இப்பல்லாம் ஒரு மணி நேரம் கொட்டினாலே இங்க இடுப்பளவு தண்ணி. வானம் இருட்டினதுமே எல்லாரும் காரை மேம்பாலத்துல ஏத்திட்டோம். இந்தத் தம்பிகூட என் காருக்குப் பின்னாலதானே போட்டாரு!"