குணசீலனின் முறை

கழுத்துக்குக் கீழே அசைவில்லாத குணசீலனுக்காக அந்த செஸ் பலகையை மாற்றி அமைத்தவன் நான். கட்டங்களின் மேல் ஒரு சிவப்பு வெளிச்சம் ஊர்ந்துகொண்டிருக்கும். குழாயில் அவன் ஊதினால் நிற்கும்; முதல் ஊதலுக்குக் காய், அடுத்த ஊதலுக்கு அது போக வேண்டிய கட்டம். அவன் மூச்சு தேயத் தேய, சென்சாரைக் கூர்மையாக்கிக்கொண்டே போனேன். கடைசியில் பக்கத்தில் யார் மூச்சு விட்டாலும் வெளிச்சம் நின்றுவிடும்.

அவன் இறந்த பிறகு, அவனைப் போலவே அசைவில்லாத ஒரு பெண்ணுக்குக் கொடுப்பதற்காகப் பலகையை எடுக்கப் போனேன். ஸ்விட்சைப் போட்டதும் பாதியில் விட்ட ஆட்டம் திரும்பி வந்தது. அவன் அம்மா எழுந்து ஃபேனை நிறுத்தினார்.

“மூச்சை அடக்கிக்கோங்க தம்பி. அவன் முறை.”

இருவரும் அடக்கிக்கொண்டோம். வெளிச்சம் ஊர்ந்து வந்து, அவனுடைய குதிரையின் மேல் நின்றது.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“எங்க வைக்கலாம்னு யோசிக்கிறான். இன்னும் கொஞ்ச நேரம்.”

வெளிச்சம் மறுபடியும் ஊரத் தொடங்கியது. எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது.