சம்பந்தி குடிக்கும் தண்ணீர்

"டேய், அந்தக் குடத்தத் தொட்டே, கைய ஒடிச்சிடுவேன்! அது சம்பந்தி குடிக்கிற தண்ணி."

"நான்தானம்மா திருக்கழுக்குன்றத்திலருந்து சைக்கிள்ல கட்டிகினு வந்தேன்? ஒரு மடக்கு..."

"நீ போய் நம்ம கெணத்துத் தண்ணியக் குடி. அத உப்பாக்குனதே நீதான?" என்றாள் ஆதியம்மாள்.

மகன் தாண்டவராயன் குடத்தை விட்டு நகர்ந்தான்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருந்த அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம். பெண் கொடுக்க வருகிறவர்கள் வீட்டையோ படகையோ முதலில் பார்ப்பதில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். கரித்தால் எழுந்து போய்விடுவார்கள். நாளெல்லாம் நல்ல தண்ணீருக்கு அலையப்போவது அவர்கள் பெண்தானே! தாண்டவராயனுக்கு வந்த சம்பந்தங்களெல்லாம் இப்படி முதல் மடக்கிலேயே முறிந்துபோயிருந்தன.

கடலோர மணலில் இறங்கும் மழைத்தண்ணீர், அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் பாலாடை போல மிதந்துகொண்டிருக்கும். குடத்தால் அளவாக மொண்டால் நல்ல தண்ணீர் மட்டும் வரும். சுற்றியுள்ள மணலிலிருந்து மெல்ல ஊறி மறுபடி நிரம்பும். அவசரப்பட்டு உறிஞ்சினால் மேலே பாரம் குறையும், அடியிலிருக்கும் உப்பு எழும்பி வந்துவிடும். தாண்டவராயன் சவுக்குக் கன்றுகளுக்குப் பாய்ச்சவென்று ஆயில் இன்ஜின் வாங்கி, ராவும் பகலும் ஓட்டினான். ஒரே கோடையில் கிணற்றுக்குள் கடல் வந்துவிட்டது. கன்றுகளும் கருகின. இன்று காலையில்தான் அம்மாவும் மகனுமாக அந்த இன்ஜினை வலைக் குவியலுக்குள் தள்ளி ஒளித்தார்கள்.

பெண்ணின் அம்மா பார்வதமும் அப்பா காத்தவராயனும் வந்து சேர்ந்தார்கள். பார்வதம் சொம்பை வாங்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். ஆதியம்மாள் அவள் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எளநி மாரி கீதே அண்ணி! இன்னொரு சொம்பு குடுங்க."

இன்னொன்றும் போயிற்று. காத்தவராயன் தன் பங்குக்குக் குடித்துத் தீர்த்தார். குடத்தின் அடி தெரிந்தது.

"இருங்க, கெணத்தாண்ட போய் ஒரு வாளி மொண்டு மூஞ்சி கழுவிகினு வரேன்" என்று எழுந்தாள் பார்வதம்.

"ஐயையோ, வாணாம் அண்ணி! கை நனைக்கறதுக்கு மின்ன சம்பந்தியம்மா வாளி எறக்குனா எங்க கெணத்துச் சாமிக்கு ஆவாது!"

கிணற்றுக்குள் அப்படி ஒரு சாமி இருப்பது தாண்டவராயனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

பார்வதம் உட்கார்ந்தாள். "ஆமா, இம்மா நல்ல தண்ணிய வச்சிகினு, ஒரு ஆயில் இஞ்சினு போடலியா நீங்க?"

ஆதியம்மாளின் கண் வலைக் குவியலுக்கு ஓடி மீண்டது. யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்களோ?

"இஞ்சினா? அந்தப் பேஜாரு எங்களுக்கு இன்னாத்துக்கு? கயிறும் வாளியும்தான். இஞ்சினு எந்தப் பக்கம் சுத்தும்னுகூட இவனுக்குத் தெரியாது."

"மெய்யாலுமா மாப்ள?"

"ஆமாங்க அத்த" என்றான் தாண்டவராயன், கிரீஸ் படிந்த விரல்களை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.

பார்வதம் கணவனைப் பார்த்தாள். இருவர் முகமும் ஒன்றாக மலர்ந்தது.

"இந்த மாரி வூட்டத்தான் நாங்க தேடிகினு இருந்தோம். தட்ட மாத்திக்கலாம் அண்ணி. எங்க வச்சலா இனிமே உங்க வூட்டுப் பொண்ணு!"

தட்டு மாறியது. ஆதியம்மாளுக்குக் கண் கலங்கியது. கிணற்றின் அருமை தெரிந்த குடும்பம்! இவர்களிடம் போய்ப் பொய் சொன்னோமே என்றுகூட ஒரு கணம் உறுத்தியது.

வெற்றிலையை மடித்தபடி காத்தவராயன் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, மாப்ளைக்கு மோதரம் அது இதுன்னு சின்னதா செய்யறதுல எனக்கு இஷ்டமில்ல. எங்க வூட்ல ஒரு ஆயில் இஞ்சினு கீது. ராவும் பகலும் ஜம்முனு ஓடிகினு இருந்திச்சி. எவன் கண்ணு பட்டுதோ, போன கோடையில எங்க கெணத்துத் தண்ணி மொத்தமா உப்பாப்பூட்டுது. அதுலருந்து சும்மாவே கெடக்குது. நாளைக்கே உங்க கெணத்தாண்ட கொண்டாந்து எறக்கிடறேன்!"