பதினைந்து தலைகள்

கணக்கு வாத்தியார் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது மேசைமேல் இருந்த லேப்டாப் மணியடித்தது.

எங்கள் மாடி வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

மாடி வீட்டுக்காரர்தான் இந்தப் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறைத் தலைவர். துறையில் வேறு ஆசிரியரே கிடையாது என்பதால் தலை, வால் எல்லாம் அவரே. அவர் வீட்டில் எது நடந்தாலும் கீழ் வீட்டில் இருக்கும் எனக்கு அன்றே தெரிந்துவிடும். நான் ஒன்றும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. மாடிப்படி என் சமையலறையை ஒட்டிப் போகிறது, நான் என்ன செய்ய?

கூப்பிடுவது யார் என்று எல்லோருக்கும் தெரியும். வாத்தியாரை இங்கே அனுப்பிவைத்த சங்கத்தின் அதிகாரி. ஓய்வு பெற்ற பேராசிரியர்களை, பாடம் நடத்த ஆள் கிடைக்காத நாடுகளுக்குச் சம்பளமில்லாமல் அனுப்புகிற சங்கம் அது. அவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை: வகுப்பில் பதினைந்து பேர் இருக்க வேண்டும். நினைத்தபோது கூப்பிட்டு வகுப்பைக் காட்டச் சொல்வார்கள். ஒரு தலை குறைந்தாலும் வாத்தியார் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இங்கே கணக்குப் படிப்பவர்கள் மொத்தமே நான்கு பேர். மாடி வீட்டுக்காரருக்கும் வராத இந்த ஒரு பாடத்தை நடத்த ஆளில்லாமல், பட்டம் கைக்கு வராமல், ஒரு வருடமாகக் காத்துக் கிடக்கிறார்கள். அதில் ஒருத்தி என் நாத்தனார் மகள்.

மீதிப் பேர் நாங்கள்.

மாடி வீட்டுக்காரர் தெருத்தெருவாக ஏறி இறங்கிச் சேர்த்த கூட்டம். சலவைக் கடைக்காரர், வங்கியில் இரவுக் காவல் முடித்துவிட்டு வந்து கண்ணைத் திறந்தபடியே தூங்கும் அண்ணன், அப்புறம் என்னையும் சேர்த்து இன்னும் ஒன்பது பேர். சங்கத்துக்கு வேண்டியது தலை. அதற்குள் என்ன இருக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை.

நானும் வீட்டு வேலையை ஒழித்துவிட்டு, முழங்கால் வலியோடு முன் பெஞ்சில் உட்கார்ந்து, அவ்வப்போது தலையாட்டுவேன். நாத்தனாருக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. பெண் என்ன பாவம் செய்தாள்?

பாடத்தில் ஏதோ ஒன்று இன்னொன்றை நோக்கி வந்துகொண்டே இருக்குமாம். கிட்டே கிட்டே வருமாம், ஆனால் வந்து சேரவே சேராதாம். எங்கள் தெருத் தண்ணீர் லாரியைப் பற்றி இவருக்கு யார் சொன்னார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

வாத்தியாருக்கு இரண்டு காலும் வீக்கம். நாலு வரி எழுதுவார், ஸ்டூலில் உட்காருவார், பெருமூச்சு விடுவார், மறுபடி எழுந்திருப்பார். கேள்வியெல்லாம் அந்த நான்கு பேரிடம்தான். என் முகக்களையைப் பார்த்து, இந்த அம்மாவிடம் கேட்கவே வேண்டாம் என்று விட்டுவிடுகிறார் போல என்று நான் பெருமைப்பட்டதுண்டு.

இந்த வயதில் ஊர் ஊராக அலைகிறாரே, வீட்டில் மருமகள் சரியில்லையோ என்று ஒருநாள் விசாரித்தும் பார்த்தேன். மருமகளே இல்லையாம். போன ஊரில் பாதிப் பாடத்திலேயே சங்கம் திருப்பி அழைத்துக்கொண்டதாம். ஏன் என்று கேட்டால், குடிக்கத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அழுத்தக்கார மனிதர்.

மணி நிற்கவில்லை.

மாடி வீட்டுக்காரர் வாசலையே பார்த்தார். சலவைக் கடைக்காரர் வரவில்லை. ஆஸ்பத்திரிப் போர்வைகள் அத்தனையும் இன்றைக்கே வேண்டும் என்று கேட்டுவிட்டார்களாம். இவரே பெஞ்சில் உட்கார்ந்துவிடலாம் என்றால், துறைத் தலைவர் முகம் அதிகாரிக்கு அத்துபடி.

“ஒரு ஆள் குறையுது அத்தை,” என்று பின்னாலிருந்து முணுமுணுத்தாள் நாத்தனார் மகள். “அவ்ளோதான். எல்லாம் போச்சு.”

“சும்மா இருடி. அந்த ஆள் மட்டும் என் கையில கிடைக்கட்டும்.”

வாத்தியார் சாக்பீஸை வைத்தார். எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு தன் கோட்டைக் கழற்றிக்கொண்டு, நேராக என்னிடம் வந்தார்.

“சலவைக் கடையில இன்னிக்கு வேலை ஜாஸ்தி போல,” என்றார், குரலைத் தாழ்த்தி. “உங்களைக் காட்டி முடிச்சதும் கண்ணாடியைக் கழட்டிட்டு, இதை மாட்டிக்கிட்டு, குனிஞ்சபடியே கடைசி பெஞ்சுக்குப் போயிடுங்கம்மா. நான் மெதுவாத்தான் திருப்புவேன்.”

ஆக, என் முகக்களை இவரை ஒருநாளும் ஏமாற்றவில்லை. கோட்டை வாங்கி மடியில் ஒளித்துக்கொண்டேன்.

அவர் லேப்டாப்பைத் திறந்து, தளும்பத் தளும்ப நிறைந்த குடத்தைத் தூக்குகிறவர் மாதிரி தூக்கினார். முதலில் என் முகம். அப்புறம் பக்கத்து முகங்கள். அப்புறம் சன்னல், சுவர், சுவரில் இருந்த விரிசல், அதையும் நிதானமாக, ஏதோ விருந்தாளிக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவது போல.

நான் தவழாத குறையாகப் போனேன். முழங்கால் பெஞ்சில் இடித்த சத்தம் கேட்காதபடி நாத்தனார் மகள் இருமினாள். அந்தக் குடும்பத்தில் சமயத்துக்கு உதவிய முதல் ஆள்.

கடைசி பெஞ்சில் மூச்சு வாங்க நிமிர்ந்து உட்காரவும், திரை என் பக்கம் திரும்பவும் சரியாக இருந்தது.

“எல்லாரும் வந்திருக்காங்களா சார்?” என்றது லேப்டாப்.

“எல்லாரும் இருக்காங்க,” என்றார் வாத்தியார்.

மூடி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.  மாடி வீட்டுக்காரர் சாக்பீஸை எடுத்து அவரிடம் நீட்டினார். வாத்தியார் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து பலகைப் பக்கம் திரும்பினார்.

பின் பெஞ்சிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கோட்டுக்குள் எனக்கு வேர்த்துக் கொட்டியது. முன்னால் இருந்த காவல்கார அண்ணனைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, அப்படி என்னதான் எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தேன்.