இடது விளக்கில் ஒரு ரேகை

இரண்டு மாதத்தில் இது நான்காவது ஹெட்லைட் பல்பு. எப்போதும் இடது பக்கம்தான் போகிறது. வேனுக்குப் பதினெட்டு வயசு. விடியுமுன் ரொட்டி ஏற்றிப் போகிற நான், ஒற்றை விளக்கோடு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டியிருக்கிறது.

எலெக்ட்ரீஷியன் வோல்டேஜ் பார்த்தார். எர்த் வயரைச் சுரண்டி மாட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் பழைய பாட்டையே பாடினார்.

“பல்பை வெறுங்கையால தொட்டிருக்கீங்க சார். விரல்ல இருக்கற எண்ணெய் பட்டா, சூட்டுல போயிடும். இதோ பாருங்க, ரேகை.”

“நான் தொடவே இல்லண்ணே! போன தடவை நீங்கதானே துணியால பிடிச்சு மாட்டினீங்க?”

எனக்குச் சுள்ளென்று வந்தது. பல்பைத் தொட்டது அவன்தான் என்று, இந்த ரேகைக்காக வீட்டில் மச்சானை வேறு திட்டித் தீர்த்திருந்தேன்.

எலெக்ட்ரீஷியன் ஸ்பிரிட்டில் துணியை நனைத்துப் பல்பைத் துடைத்தார். ரேகை போகவில்லை. அழுத்தித் துடைத்தார். பிறகு பல்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“சார், இது உள்பக்கமா இருக்கு.”

பெருவிரல் ரேகை. குறுக்கே ஒரு வெட்டு. தகரம் கிழித்த என் பெருவிரலிலும் அப்படி ஒரு தழும்பு உண்டு. கை சும்மா இருக்கவில்லை. வெளியிலிருந்து என் பெருவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். தழும்போடு தழும்பு பொருந்தியது.

உள்ளே இருந்த ரேகை மெல்ல அகன்றது, கண்ணாடியில் விரலை அழுத்தினால் அகலுமே, அப்படி.

“கையை எடுங்க சார்,” என்றார், பல்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் அப்போதே எடுத்துவிட்டிருந்தேன்.